மஞ்சள் சீலையில் முடிந்த பரீட்சைக் காசு

எங்கள் அப்பாவின் ஓராண்டுத் திவசத்துக்கான அழைப்பிதழோடு சேர்த்து இம்மலரையும் உங்களுக்கு அனுப்பி வைக்கிறோம். உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், கடல் கடந்து கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். நினைவு மலரைத் திவசத்தன்று பந்தி முடியக் கையில் கொடுப்பதுதான் வழமை. இரண்டு கிழமை முந்தியே அனுப்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

இக்கட்டுரையை எழுதும்படி தம்பி கேட்டபோது கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தான்.

"அக்கா, அமைதியா எழுதுங்க. அப்பாட பிறப்பு, தொழில், பிள்ளையள், பேரப்பிள்ளையள். அது போதும். அந்தக் காசுக் கதை மட்டும் வேணாம். பெரிய மாமா மனம் நோவார்."

பெரிய மாமா என்றால் அம்மாவின் மூத்த அண்ணன். அவருடைய மனம் நோகுமாம். எங்கள் மனத்தை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. தம்பி சொன்னானே என்று இரண்டு முறை அமைதியாக எழுதிப் பார்த்தேன். 'அன்பும் பண்பும் நிறைந்த', 'எல்லோரோடும் இன்முகத்துடன் பழகிய' என்றெல்லாம் வந்தது. வாசித்துப் பார்த்தால் யாரோ ஒரு மனிதரைப் பற்றி இருந்தது. இரண்டையும் கிழித்தேன். இது மூன்றாவது. இதில் அமைதி இல்லை.

அப்பா உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே வேளாண்மை செய்த குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். அவர்களுடைய காணி வயல் வட்டையின் கடைசித் துண்டு. குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்து முடிந்த பிறகுதான் அங்கே வந்து சேரும். அந்த விளைச்சலையும் வாங்க வருகிற வியாபாரி, நெல் மூட்டை தராசில் ஏறும்போது தன் பெருவிரலால் தட்டின் அடியைத் தாங்கிப் பிடிப்பாராம். அப்பாவுக்கு அப்போது பத்து வயது. தன் தகப்பனிடம் சொன்னதற்கு, "பேசாம இரிடா, அவரும் வராட்டி நெல்ல என்ன செய்யிற" என்று அடி விழுந்தது. அந்த அடியை அப்பா எழுபது வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். தராசு எப்படிப் பொய் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்ற எண்ணம் அன்று வந்ததுதான் என்பார்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மட்டக்களப்பு நகரத்தில் தராசு திருத்தும் பட்டறை ஒன்றில் ஒன்பது வருடம் வேலை செய்தார். பிறகு தனியாகச் சைக்கிளில் புறப்பட்டார். மீன் வாடி, நெல் ஆலை, பலசரக்குக் கடை, சங்கக் கடை எல்லாத் தராசும் அவர் கையால் சரி பார்த்த தராசுதான். வருடா வருடம் அரசாங்கப் பரிசோதகர் வந்து முத்திரை குத்துவதற்கு முன்பு முதலாளிமார் அப்பாவைத் தேடி வருவார்கள். தட்டு சாய்ந்தால் நேராக்குவார், தேய்ந்த படிக்கல்லுக்கு அடியில் ஈயம் உருக்கி ஊற்றி நிறை சரிக்கட்டுவார். ஒரு வாடி முதலாளி, கிலோவுக்கு ஐம்பது கிராம் தன் பக்கம் வரும்படி செய்து தரச் சொன்னாராம். "வேற ஆளப் பாருங்க" என்று சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த மாதம் எங்கள் வீட்டில் இரண்டு நேரம்தான் சோறு. அதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அப்போது அம்மா அவரைத் திட்டிய திட்டு எனக்கு இன்னும் கேட்கிறது.

அம்மாவின் ஊர் வாவிக்கரையில். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். அப்பா ஒரு சைக்கிளும் ஒரு சாமான் பெட்டியுமாக வந்தவர். நாற்பத்தாறு வருடம் அந்த வீட்டுக்கு ஓலை மேய்ந்தார், பிறகு ஓடு போட்டார், கிணறு இறைத்தார், எங்களைப் படிக்க வைத்தார். நான் ஆசிரியை, தம்பி அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம். இருந்தும் அம்மா வீட்டாருக்கு அவர் கடைசி வரைக்கும் 'வந்தவர்'தான்.

யுத்த காலத்தில் மூன்று முறை இடம்பெயர்ந்தோம். மூன்று முறையும் அம்மா உடுப்பு மூட்டையைத் தூக்க, அப்பா படிக்கல் பெட்டியைத் தூக்கினார். சோதனைச் சாவடியில் பித்தளைப் படிக்கற்களைப் பார்த்த ஆமிக்காரன் துப்பாக்கியை நீட்டிவிட்டான். துப்பாக்கிச் சன்னம் என்று நினைத்தானாம். அப்பா கைத்தராசை எடுத்து, அவன் கடையில் வாங்கி வைத்திருந்த பருப்புச் சரையை நிறுத்துக் காட்டினார். நாற்பது கிராம் குறைவு. ஆமிக்காரன் சிரித்துவிட்டு, கடைக்காரனைச் சிங்களத்தில் ஏசியபடி எங்களை விட்டுவிட்டான். அப்பாவைப் பற்றி நான் சிரித்துக்கொண்டு சொல்லக்கூடிய கதைகளில் அது ஒன்று. இனி வருவது அப்படியில்லை.

இனிக் காசுக் கதை. வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகள் முகநூலில் ஒரு துண்டைத்தான் பார்த்தார்கள். முழுவதையும் இங்கே வாசிக்கட்டும்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்பு அப்பா பனிச்சங்கேணிக்குப் போயிருந்தார். அங்கே இறால் வாங்க வருகிற ஓட்டமாவடி வியாபாரி அசனார் காக்காவின் பழைய தட்டுத் தராசு சரியாக நிற்கவில்லை. ஒரு தட்டின் அடியில் தார் பூசிய சீலைத் துண்டொன்று சிறிய முடிச்சாகக் கட்டிக் கிடந்ததாம்.

"இதுக்குள்ள என்ன காக்கா கட்டிக் கிடக்கு?"

"தெரியாது தம்பி. எங்கட வாப்பா கட்டினது. நான் அவுத்துப் பாக்கல்ல."

அவிழ்த்தால் ஐந்து பழைய சதுரக் காசுகள். அந்தக் காலத்து ஐந்து சதம். தட்டின் பாரத்தைச் சரிக்கட்ட அவருடைய வாப்பா கட்டியிருக்கிறார். அப்பாவுக்கு அந்தக் காசு பழக்கமானது. சிறிய தராசுகளைச் சோதிக்க அதைத்தான் சட்டைப்பையில் வைத்திருப்பார், ஒன்றின் நிறை கைக்கே தெரியும். ஐந்தையும் உள்ளங்கையில் வாங்கியவுடன் கை ஏமாந்தது. நாலு காசு நாலு காசாக இருந்தது. ஐந்தாவது காய்ந்த சருகு போல இருந்தது. தாரைச் சுரண்டிப் பார்த்தால் மற்றவை மஞ்சள், அது வெள்ளை. அலுமினியம்.

அப்பா தட்டுக்குப் புதிதாக ஈயம் வைத்துச் சரிசெய்து கொடுத்தார். "இந்த ஒண்ட மட்டும் எனக்குத் தாங்க காக்கா. விலை சொல்லுங்க" என்றாராம். "செல்லாத காசுக்கு என்னத்த விலை சொல்ற? கொண்டு போங்க தம்பி" என்று அசனார் காக்கா சிரித்திருக்கிறார்.

பிற்காலத்தில் அரசாங்கம் அலுமினியத்தில் ஐந்து சதம் அடித்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் காசிலிருந்த ஆண்டு அதற்கு வெகு முந்தியது. சின்னமும் பழைய இலங்கைச் சின்னம். அப்பா நூல்நிலையத்தில் நாணயப் புத்தகங்களை எடுத்து வந்து, எழுத்துக் கூட்டி ஆங்கிலம் வாசித்து, புரியாததை என்னிடம் கேட்டு, ஆறு மாதத்தில் விசயத்தைப் பிடித்துவிட்டார். ஒரு காசை நாட்டுக்கு விடுவதற்கு முன்பு நாணயசாலையில் வேறு உலோகங்களில் சிலதை அடித்துப் பார்ப்பார்களாம். செம்பில் எப்படி, நிக்கலில் எப்படி, வெள்ளீயத்தில் எப்படி, அலுமினியத்தில் எழுத்து சரியாக விழுகிறதா, அச்சு தாங்குமா, மலிவாக முடியுமா என்று. பார்த்து முடிந்ததும் உருக்கிவிடுவார்கள். தப்பி வெளியே வருவது எப்போதாவது ஒன்றிரண்டு. அப்பா அதற்குப் 'பரீட்சைக் காசு' என்று பெயர் வைத்தார்.

"பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணாத காசு புள்ள, என்னப் போல" என்று சொல்லிச் சிரிப்பார். விற்கிற எண்ணம் அவருக்கு ஒருநாளும் இருக்கவில்லை. ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பியில் பஞ்சு வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அவருடைய கை கண்டுபிடித்தது சரி என்று தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் ஆசை.

நகரத்தில் பழைய நாணயம், முத்திரைக் கண்காட்சி ஒன்று நடந்தது. கொழும்பிலிருந்து நாணய நிபுணர் என்று ஒருவர் வந்திருந்தார். பெயர் சொல்லி அவரைப் பெரியவராக்க எனக்கு விருப்பமில்லை. அப்பா புதுச் சேட் போட்டுக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அந்த மனிதர் பூதக்கண்ணாடியால் அரை நிமிடம் பார்த்தார். அரை நிமிடம்தான், நான் பக்கத்தில் நின்றேன்.

"இது வார்த்தது. யாரோ உருக்கி ஊத்தியிருக்காங்க. அப்படி ஒரு காசு உலகத்திலேயே இல்லை. எந்தப் பட்டியலிலும் கிடையாது" என்றார். பிறகு, "நீங்க என்ன வேலை செய்றீங்க?"

"தராசு திருத்திற."

"ஈயம் உருக்குவீங்களா?"

"ஓம். படிக்கல்லுக்கு."

அந்த மனிதர் கூடி நின்றவர்களைப் பார்த்து, "அப்ப சரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வார்த்த காசுக்கும் அடித்த காசுக்கும் உள்ள வித்தியாசத்தை, வார்ப்பு வேலையே செய்கிற என் அப்பா சொல்லத் தொடங்கினார். விளிம்பைப் பாருங்கள், வார்த்தால் இந்தக் கூர் வராது என்றார். யாரும் கேட்கவில்லை. எவனோ ஒருவன் கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் எடுத்து முகநூலில் போட்டான். 'மட்டக்களப்பில் கள்ளக்காசு ஐயா' என்று தலைப்பு. அதை ஊரான் போட்டதில் எனக்குக் கோபம் குறைவு. எங்கள் சொந்தக்காரர்கள் பதினொரு பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். ஒருவர் சிரிக்கிற முகமும் போட்டிருந்தார். உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியும். இம்மலர் உங்களுக்கும் வரும்.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். சந்தையில் ஒருவரும் அப்பாவைக் கூப்பிடவில்லை. கள்ளக்காசுக்காரன் கைபட்ட தராசு என்றால் வாங்க வருகிறவன் நம்புவானா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஐம்பது வருடம் இந்த மாவட்டத்தில் ஒரு கிராம் பிசகாமல் பார்த்த மனிதர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வீட்டில் இருந்தார்.

அந்த வருடம் அம்மன் கோயில் சடங்குக்குப் போனபோது பெரிய மாமா வாசலில் வந்து நின்றார். பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், கோயிலை நடத்தும் பொறுப்பில் இருப்பவரை எங்கள் பக்கத்தில் வண்ணக்கர் என்போம். பெரிய மாமா எங்கள் தாய்வழிக் குடியின் வண்ணக்கர். நாணயத்தை நோட்டம் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவருக்குத்தான் முற்காலத்தில் அந்தப் பெயராம். மாமா காசைப் பார்க்கக்கூட இல்லை.

"மச்சான், இந்த வருசம் நீங்க உள்ளுக்கு வர வேணாம். நாலு சனம் நாலு விதமாக் கதைக்குது. கோயிலுக்குக் கூடாது."

அப்பா வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். ஏழு நாளும் அப்படித்தான். இன்முகத்துடன் பழகினார் என்று எழுதச் சொல்கிறீர்கள். பழகினார். உங்களோடு அவர் எப்படிப் பழகினார் என்பதில் எனக்குக் குறையே இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. என்னோடு படித்த ஒருத்தி பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறாள். காசைச் சேதப்படுத்தாமல் உருப்பெருக்கியில் பார்த்தே வார்த்ததா அடித்ததா என்று எழுத்தில் தரலாம் என்றாள். நாளும் குறித்தோம். அதற்கு ஒரு கிழமை இருக்கும்போது ஒருநாள் காலையில் முகம் கழுவப் போன அப்பா கிணற்றடியில் விழுந்துவிட்டார். பக்கவாதம். மாமாவின் கார் அன்று ஓடவில்லை என்றார்கள். அடுத்த நாள் சந்தைக்கு ஓடியது. பனிச்சங்கேணியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அசனார் காக்காதான், ஐஸ் பெட்டிகளை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு, இறால் வேனில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அன்று பின்னேரம், அம்மாள் என்று நாங்கள் சொல்லும் அம்மனுக்கு அம்மா நேர்த்தி வைத்தார். மஞ்சளில் நனைத்த சீலையில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைப்பதும், நோயாளி எழும்பியதும் தன் கையால் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பதும் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கொடுக்கும் வரைக்கும் முடிச்சை அவிழ்க்கக் கூடாது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து உடுப்பெடுக்க வந்தபோது முடிச்சு இருந்தது, பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பி வெறுமையாக இருந்தது.

"அம்மா, எந்தக் காச முடிஞ்ச நீங்க?"

"அவர்ர காசத்தான்."

"அதுதானே எங்களுக்கு இரிக்கிற ஒரே சாட்சி! வேற காசு கிடைக்கல்லயா?"

"கண்ட காசயும் முடிஞ்சா அம்மாள் கேப்பாவா? அவருக்கு உசிருக்கு உசிரான சாமான் அதுதான். அதக் குடுத்துத்தான் அவரக் கேட்டன். சடங்குக்குக் கதவு திறக்கிற நாளண்டு எழும்பி வந்து அவரே தருவார் எண்டு சொல்லிற்றன்." அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு அவர்தான் வேணும் புள்ள. அவர்ர பேர வெச்சி நான் என்ன செய்யிற?"

அம்மாவோடு நான் எட்டு நாள் கதைக்கவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா எழும்பினார். வலது கை முழுவதும் வரவில்லை, வாய் கொஞ்சம் கோணியது, சொல் தடுமாறியது. ஆனால் தடியூன்றி நடந்தார். ஆய்வுகூடத்தில் மறுபடி நாள் கேட்டேன். ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. அதே கிழமை திங்களன்று கோயிலில் கதவு திறத்தல், சடங்கின் முதல் நாள். மூன்று நாள் வித்தியாசம். நான் அப்பாவிடம் கெஞ்சினேன்.

"அப்பா, வேற சதுரக் காசு ஒண்ட மஞ்சள் சீலையில முடிஞ்சு திங்கக்கிழமை குடுப்பம். பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது. இத வியாழக்கிழமை காட்டிப் போட்டு, மறுகா கொண்டுபோய்க் கோயில் பெட்டகத்தில போடுவம்."

அப்பா பேச நேரமெடுத்தார். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"உங்கட அம்மா அம்மாளோட கதைச்சது இந்தக் காச வெச்சி. நான் காச மாத்தி வெக்கிறதா? கள்ளனெண்டு ஊர் சொல்லிற்று. அதச் செஞ்சா ஊர் சொன்னது சரியாப் போயிரும்."

நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ, நானே மாற்றியிருக்கலாமோ என்று இந்த ஒரு வருடத்தில் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். என் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

திங்கட்கிழமை அப்பாவைக் கைபிடித்து நான் கூட்டிப் போனேன். வழமையான இடத்தில், வேலிக்கு வெளியே நின்றார். பெரிய மாமா வந்தார். அப்பா இடது கையால் வலது கையைத் தாங்கி முடிச்சை நீட்டினார். தன் பெயரைக் காப்பாற்ற உலகத்தில் இருந்த ஒரே பொருளை, தன்னைக் கள்ளன் என்று வெளியே நிறுத்திய மனிதரின் கையில் கொடுத்தார். மாமா இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"அந்தக் கள்ளக் காசயா அம்மாளுக்குக் கொண்டந்த?"

சத்தமாகத்தான் கேட்டார். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"இது... உங்கட தங்கச்சிட... நேத்தி" என்றார் அப்பா.

மாமா அதைக் கொண்டுபோய் உள்ளே பெட்டகத்தில் போட்டார். அவருக்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டியோடு என் தம்பி நின்றான். குடிமுறைப்படி மாமாவுக்குப் பிறகு வண்ணக்கர் பொறுப்பு தங்கையின் மகனுக்கு, அதாவது அவனுக்கு. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். வேலிக்கு வெளியே வரவில்லை. வா என்று அப்பாவும் கூப்பிடவில்லை. திரும்பி வரும் வழியில், "அவன் இனி இங்க இரிக்க வேண்டிய பிள்ள" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு பத்து மாதம் அப்பா இருந்தார். அம்மா கேட்டதைக் கோயிலில் இருந்த அம்மாள் கொடுத்துவிட்டார், கோயிலை நடத்துகிறவர்கள்தான் ஒன்றும் கொடுக்கவில்லை. நான் மாமா வீட்டுக்கு மூன்று முறை போனேன். காசைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு, வேண்டுமென்றால் மாமாவே கையில் வைத்துக்கொண்டு என்னோடு வரட்டும், பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் வைப்போம் என்றேன்.

"கோயில் பெட்டகத்துக்குள்ள முடிச்சோட இரிக்கி. அம்மாள்ர பொருள வெளிய எடுக்க ஏலா மகள். எனக்கு அந்த அதிகாரம் இல்ல."

மாமா, இதை நீங்களும் வாசிப்பீர்கள். அன்று உங்கள் முன்னால் என் வாயில் வராததை இப்போது கேட்கிறேன். அது கள்ளக் காசென்றால் அம்மாள் பெட்டகத்தில் ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? அது அம்மாள் பொருளென்றால் அதைக் கொண்டு வந்தவரை ஏன் வெளியே நிறுத்தினீர்கள்? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். கோயில் நகைகளை மெருகுபோடத் தட்டானிடம் கொண்டுபோகும்போது எந்த அதிகாரத்தில் கொண்டுபோகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அப்பா ஒரு காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டார். கோப்பை கீழே விழவில்லை, கதிரைக் கையில் சரியாக வைத்திருந்தார். செத்த வீட்டில் பெரிய மாமா இரங்கலுரை ஆற்றினார். 'எங்கள் குடும்பத்தின் தூண்' என்றார். தூணை வெளியே நட்டு வைத்தவர் பேசினார், நாங்கள் அழுதுகொண்டிருந்ததால் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சில நாளில் ஆய்வுகூடச் சிநேகிதி ஒரு பக்கத்தை அனுப்பினாள். வெளிநாட்டில் நாணயங்களை ஏலம் விடுகிறவர்களின் பட்டியல். அதில் ஒரு படம்: சதுர ஐந்து சதம், பழைய சின்னம், அதே ஆண்டு, அலுமினியம். 'வெளியிடப்படாத முன்மாதிரி' என்று கீழே எழுதியிருந்தது. உலகத்திலேயே இல்லை என்று அரை நிமிடத்தில் சொன்னாரே, அந்தக் காசு. நான் அந்தப் பக்கத்தை, முகநூலில் பகிர்ந்த பதினொரு பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவர், 'அப்ப அது நல்ல விலை போகுமே' என்று எழுதினார். மற்றவர்கள் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது, அவ்வளவுதான். பெரிய மாமாவுக்கு அச்செடுத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை, பிறகு பார்க்கிறேன் என்றார். இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நான் நியாயமாகவே பேசுகிறேன். அப்படி ஒரு காசு உலகத்தில் உண்டு என்பதால் அப்பாவின் கையில் இருந்ததும் அதுதான் என்று ஆகிவிடாது. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். சோதனையில் வார்த்தது என்று வந்தால் அதையும் இதே எழுத்தில் அச்சடித்து உங்கள் எல்லோருக்கும் அனுப்புவேன். அப்பா அதைச் செய்யவில்லை, தார்ச் சீலைக்குள் கண்டெடுத்தார், நம்பினார் என்பது மட்டும் எந்தச் சோதனையிலும் மாறாது. சாட்சி அசனார் காக்கா இருக்கிறார். கண்காட்சி நடந்த மறுநாளே மாமா வீட்டுக்கு வந்து, "அல்லா அறிய எங்கட வாப்பாட தராசில கிடந்த சல்லிதான்" என்று சொன்னவர் அவர். மாமா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

இனி நன்றி. வழமையான பட்டியல் என்னிடம் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் கோணிய வாய்க்குப் பொறுமையாகக் கஞ்சி பருக்கிய தாதிமாருக்கு நன்றி. ஐஸ் பெட்டியை வெயிலில் வைத்துவிட்டு, அன்றைய இறால் முழுவதும் பழுதாகப் போனதைக் கடைசி வரைக்கும் எங்களுக்குச் சொல்லாத அசனார் காக்காவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. எங்களுக்கு மாமா முறை யாரிடமாவது உண்டென்றால் அவரிடம் உண்டு. செத்த வீட்டுக்குப் பந்தல் போட்ட அயலவர்களுக்கும், தன் தராசுகளை அப்பாவைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்காத நெல் ஆலை முதலாளி ஒருவருக்கும் நன்றி.

அம்மாவுக்கு நான் நன்றி சொல்லக் கூடாது, மன்னிப்புத்தான் கேட்க வேண்டும். பத்து மாதம் அப்பா எங்களோடு இருந்தது அந்த முடிச்சால்தான் என்று அம்மா நம்புகிறார். இப்போது நானும் அதை மறுப்பதில்லை.

கடைசியாகத் தம்பி. இக்கட்டுரையை அவனிடம்தான் கொடுத்தேன். அச்சகத்துக்குக் கொண்டுபோகிறவன் அவன், எதை வெட்டுவான் என்று பார்ப்போம் என்றிருந்தேன். அவன் நேரே பெரிய மாமாவிடம் கொண்டுபோய், முதல் வரியிலிருந்து உரத்து வாசித்திருக்கிறான். வேலிக்கு வெளியே வராமல் நின்ற இடத்தையும் சேர்த்து. இது அச்சில் வந்தால் வண்ணக்கர் பொறுப்பை நீ மறந்துவிடு என்று மாமா சொன்னாராம். வந்து என்னிடம் சொன்னான்.

"மறந்திட்டன் எண்டு சொல்லிற்று வந்த நான். ஒரு எழுத்தும் மாத்த வேணாம் அக்கா. நான் வெளிய வராம நிண்டதும் அப்படியே கிடக்கட்டும்."

அவனுக்கு நன்றி. அப்பா இருந்திருந்தால் அவனைத் திட்டியிருப்பார். பிறகு சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்.

இம்மலரை முந்தி அனுப்பியதற்குக் காரணம் இதுதான். திவசத்தன்று ஆய்வுகூடச் சிநேகிதி தன் உருப்பெருக்கியோடு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். ஊரும் உறவும் பார்க்கும்படி முன் விறாந்தையில் மேசை போட்டிருக்கிறோம். மேசையில் அப்பாவின் தராசு இருக்கும். அவர் வைத்துவிட்டுப் போனபடி முள் நேராகத்தான் நிற்கிறது. மதிய போசனத்துக்கு எல்லோரும் குடும்பத்தோடு வாருங்கள். பெரிய மாமா, நீங்களும் கட்டாயம் வர வேண்டும், உங்களுக்கு முன்வரிசையில் கதிரை போட்டிருக்கிறது. வெறுங்கையோடு மட்டும் வந்துவிடாதீர்கள்.